பீடி சுற்றிய கையும் கைரேகை மெஷினும்

பீடி சுற்றிய கையில் ரேகை நிற்பதில்லை. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வருவது. பீடிக்கடையில் இலையும் புகையிலைத் தூளும் நூலும் வாங்கி வந்து, ராத்திரியே இலையில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட வேண்டும். காலையில் தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்தால் மடியில் சுளகு, அதாவது முறம். சுளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். ஒரு துண்டை எடுத்து, சிட்டிகைத் தூளைப் பரத்தி, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் உருட்டி, முனையை நகத்தால் மடக்கி உள்ளே தள்ளி, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டால் ஒரு பீடி. கை தேர்ந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே இத்தனையும் செய்துவிடுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அப்படியென்றால் அந்த இரண்டு விரலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இலையில் உரசும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் அம்மா பாவாடை கட்டிய வயதில் சுளகைத் தூக்கியவர். கண் பார்வை மங்கிய பிறகுதான் கீழே வைத்தார். அவருடைய பெருவிரலைப் பிடித்துப் பார்த்தால் பாதி கரைந்த சோப்பைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

நான் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸில் இப்போது காசு கிடையாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், கரண்டு பில், ஸ்காலர்ஷிப், பி.எஃப். என்று ஆன்லைனில் போடுகிற வேலைதான் கடையை ஓட்டுகிறது. இ-சேவை லைசென்சும் உண்டு. அதனால் நான் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று யாரும் நினைக்க முடியாது. என் சோறு அதில்தான் இருக்கிறது.

எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கிற ஒன்றை எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. "கிராமத்து ஆட்களுக்கு டெக்னாலஜி என்றாலே பயம், புதுசு எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்" என்று டவுனில் இருந்து வருகிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முப்பது நாற்பது வருஷமாக எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான் சொல்கிறேன், அது உண்மை இல்லை.

பீடி சுற்றுகிற பெண்கள் அளவுக்குப் புதுசை உடனே பிடித்துக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை. கைக்கும் கண்ணுக்கும் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. அதற்கு முன்பே எங்கள் பக்கம் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். திண்ணையில் பத்துப் பேர் சுளகோடு உட்கார்ந்திருந்தால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் காசு பிரித்துப் போட்டு வாங்கிப் போடுவார்கள். 2006க்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தது. திண்ணைக் கூட்டம் வீட்டுக்குள் போனது. 2011இல் வந்த ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. அம்மியில் அரைக்கிற நேரம் மிச்சமானால் இன்னும் ஒரு கட்டு பீடி சுற்றலாம். அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே நாளில் புரிந்துவிட்டது. அம்மியில் அரைத்த ருசி மிக்ஸியில் வராது என்று ஆண்கள்தான் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள்.

வயலிலும் அப்படித்தான். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் கதிரறுப்பு மெஷின் வந்துவிட்டது. வைக்கோல் துண்டு துண்டாகப் போகிறது, மாட்டுக்கு ஆகாது என்று குறை சொல்லிக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். பிறகு வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுருட்டித் தருகிற மெஷினும் வந்தது. அதையும் கூப்பிட்டார்கள்.

இப்போது சுளகுக்கு எதிரே தூள் டப்பாவில் செல்போன் சாய்ந்து நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு மருமகள் பீடி சுற்றிக்கொண்டே யூடியூபைப் பார்த்து ஆரி என்ற பூத்தையல் வேலை கற்றுக்கொண்டாள். இன்றைக்குக் கல்யாண பிளவுஸ் தைப்பதில் பீடியைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். சுளகைப் பரண்மேல் போட்டுவிட்டாள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். புகையிலைத் தூள் மூக்கில் ஏறி ராத்திரி முழுக்க இருமுகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தத் தொழில் இன்னொரு தலைமுறைக்கு வேண்டாம். இதில் பழைய காலம் நன்றாக இருந்தது என்று பாட்டுப் பாட எனக்கு மனசு வராது.

ஒரு விஷயம் ஆச்சரியம். இத்தனை மெஷின் வந்தும் பீடியைச் சுற்றுவது இன்றைக்கும் கைதான். இலை ஒன்று மாதிரி இன்னொன்று இருப்பதில்லை. ஒன்று தடிப்பு, ஒன்று மெலிசு, ஒன்றில் ஓட்டை. விரல்தான் தடவிப் பார்த்து முடிவுசெய்கிறது. மத்தியக் கலால் வரியிலேயே கையால் சுற்றிய பீடிக்கு ஒரு வரி, மெஷின் பீடிக்கு அதைவிடக் கூடுதல் வரி என்று தனியாக வைத்திருந்தார்கள். ஆக, மெஷினால் செய்ய முடியாத வேலையைச் செய்து தேய்ந்த விரல் அது. அந்த விரலைத்தான் இப்போது மெஷின் யார் என்று கேட்கிறது.

ரேஷன் கடைக்கு வருகிறேன்.

2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது ஒரு சிக்கலும் இல்லை. பழைய அட்டையைவிட நல்லது, நனையாது, கிழியாது. கடையில் ஸ்கேன் பண்ணுவார்கள், போனுக்கு மெசேஜ் வரும். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அரிசியும் சீனியும் வந்துவிடும். 2020 அக்டோபரில் கைரேகை மெஷின் வந்தது. நாட்டில் எங்கே இருந்தாலும் ரேஷன் வாங்கலாம் என்ற ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. போலி அட்டையில் சரக்குப் போவதைத் தடுக்கலாம் என்றார்கள். காரணத்தில் தப்புச் சொல்ல மாட்டேன். வெளியூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

அம்மா வரிசையில் நின்று விரலை வைத்தார். சிவப்பு எழுத்து வந்தது. கடைக்காரப் பையன் நல்ல பையன். "யக்கா, முந்தானையில துடைச்சிட்டு வைங்க" என்றான். துடைத்து வைத்தார். "தலையில தேய்ச்சிட்டு வைங்கக்கா" என்றான். தலை எண்ணெயில் தேய்த்து வைத்தார். மறு கை. மோதிர விரல். சுண்டு விரல். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து பேச ஆரம்பித்தார்கள். "நாளைக்கு ஆளு இல்லாத நேரமா வாங்கக்கா, மெல்லப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டான். அம்மா வெறும் பையோடு என் கடை வாசலில் வந்து நின்றார். அவர் அழவில்லை. கோபமும் படவில்லை. "எம் பேருலதான கார்டு இருக்கு. எம் மூஞ்சி அந்தப் பையனுக்குத் தெரியும். பொறவு நான் நானில்லன்னு அது எப்பிடிளா சொல்லுது?" என்று கேட்டார்.

நான் அம்மாவுக்கு விளக்கினேன். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் இருக்கிறது. விரலின் மேடு கண்ணாடியைத் தொடுகிற இடம் ஒரு மாதிரித் தெரியும், பள்ளம் விழுகிற இடம் வேறு மாதிரித் தெரியும். ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை எடுத்து, ஆதாரில் ஏற்கெனவே பதிந்த புள்ளிகளோடு ஒப்பிடும். மேடும் பள்ளமும் இருந்தால்தானே? வயசானால் தோல் வறண்டு தளர்ந்துவிடும், எல்லாருக்கும் வருவதுதான். அதோடு வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பீடிக் கை மட்டும் இல்லை. காருகுறிச்சியில் மண் குழைக்கிற கை, தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற கை, சிமெண்ட் கலக்கிற கை, கல் உடைக்கிற கை, எல்லாருடைய கதையும் இதுதான். உடம்பை வைத்து அதிகமாக உழைத்தவர் யாரோ அவரைத்தான் மெஷினுக்கு அடையாளம் தெரிவதில்லை. இதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

சரி, இதற்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. கைரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. ஓடிபி வைத்து வாங்கலாம். முடியாதவர்கள் வேறு ஒருவரைத் தங்களுக்காக நியமித்துக்கொள்ளலாம். பிறகு கண்ணைப் படம் பிடிக்கிற கருவிகளும் கடைகளுக்கு வந்தன. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே ரேஷன் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த வழிகள் இருப்பது வரிசையில் நிற்கிற கிழவிக்குத் தெரியாது. சிவப்பு எழுத்து வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார். தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்.

ஓடிபி சமாச்சாரமும் லேசில்லை. என் கடைக்கு வருகிற பாதிப் பேருடைய ஆதாரில் இருப்பது எப்போதோ ரீசார்ஜ் பண்ணாமல் போன நம்பர். மகன் திருப்பூர் போனபோது வாங்கிக் கொடுத்த சிம், அவன் கல்யாணத்துக்குப் பிறகு யார் கையிலோ. "யம்மா, ஒரு நம்பர் வருமாமே, வந்திருக்கா பாரு தாயி" என்று போனை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஓடிபியைச் சொல்லலாமா என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் நேர்மையாக இருக்கிறேன் என்பது மட்டும்தான் அவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பு. அது போதாது என்று எனக்கே தெரிகிறது.

பெயர்ப் பிரச்சினை இன்னொரு தலைவலி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இனிஷியல் ஒன்று, பெயர் ஒன்று. ஃபாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் பீடிக்கடையில் பெயர் பதிந்தபோது அப்பா இனிஷியல். ஆதார் எடுத்தபோது வீட்டுக்காரர் இனிஷியல். சுப்புலட்சுமி என்ற பெயரை இங்கிலீஷில் ஒரு கணக்குப்பிள்ளை இரண்டு 'பி' போட்டு எழுதியிருப்பார், இன்னொரு ஆபீசில் ஒரு 'பி'. லட்சுமிக்கு ஒருவர் 'எக்ஸ்' போட்டிருப்பார், ஒருவர் 'கே, எஸ், எச்'. பிறந்த தேதி கேட்டால் பல பேருக்கு ஜனவரி 1. பேரேட்டில் எழுதிய காலத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்து மாறினால் வேறு ஆள். முப்பது வருஷம் கூலியில் பிடித்த பி.எஃப். பணத்தை வாங்க, ஒரு 'பி'க்காக மாசக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம், கடையம் ஆட்களுக்கு மாவட்டப் பெயரும் மாறிக்கொண்டது. பழைய சான்றில் ஒரு மாவட்டம், புதிய சான்றில் ஒரு மாவட்டம். அதற்கும் விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆன பிறகு பீடிக் கூலி வங்கிக் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. அதுவரை வாராவாரம் கையில் ரொக்கம். திடீரென்று மாறியபோது பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கி வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாளில் பெண்கள் வேறு ஒன்றைக் கண்டுகொண்டார்கள். காசு கையில் வந்தால் வீட்டுக்காரர் கேட்பார், மகன் கேட்பான். கணக்கில் கிடந்தால் கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. என் பெரியம்மா ஒருத்தி அப்படித்தான் சேர்த்துப் பேத்திக்குக் கம்மல் எடுத்தாள்.

அந்தப் பெரியம்மாவுக்கு வங்கியில் ஏடிஎம் கார்டு கொடுத்தார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அங்கே இருந்தவர் படிக்காத பொம்பளை பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். நானும் அவளிடம் கேட்டேன். கார்டு இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாமே பெரியம்மா, நான் பழக்கித் தருகிறேன் என்றேன். அவள் சொன்னாள்: "கார்டு வீட்டுக்கு வந்தா அந்த நாலு நம்பரும் வீட்டுக்குள்ள வந்திரும்ளா. பொறவு அவன் என்னையக் கேக்கவே வேண்டாம். பாங்குல கெடந்தா நான் போனாத்தான தருவாவ?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவள் வங்கிக் கணக்கை முழு மனதாக ஏற்றுக்கொண்டாள். ஏடிஎம்மை யோசித்து விட்டுவிட்டாள். இரண்டும் ஒரே கணக்கில் செய்த முடிவு. குடிக்கிற மகனுக்கும் தன் பணத்துக்கும் நடுவில் ஒரு வரிசை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு நேரம் வீணாகத் தெரிகிற அந்த வரிசை அவளுக்குப் பூட்டு. இதை எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

மிக்ஸியும் டிவியும் போனும் சண்டை இல்லாமல் வீட்டுக்குள் வந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் விடு, அம்மியும் பக்கத்திலேயே கிடக்கட்டும். கிரைண்டர் வாங்கிய வீட்டில் கரண்டு போனால் ஆட்டுரலைத் தேடுவார்கள். யாரும் ஆட்டுரலை உடைத்துப் போட்டால்தான் கிரைண்டர் தருவேன் என்று சொல்லவில்லை. ரேஷன் கடை மெஷின், பி.எஃப். வெப்சைட் மாதிரியானவை அப்படி வரவில்லை. எனக்கு வர வேண்டியதை வாங்கவே அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டும், பக்கத்தில் வேறு வாசல் இருக்கிறதா என்று யாரும் சொல்வதில்லை. பெரியம்மாவால் ஏடிஎம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அம்மாவால் கைரேகை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் இன்னொரு வாசல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18ஐ நினைவுபடுத்துகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. பல ஊர்களில் கரண்டு இல்லை, டவர் இல்லை. அதற்கு முந்தின நாள் வரை டீக்குக்கூட ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்த ஜனம் பால் வாங்கக் கையில் காசில்லாமல் நின்றது. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி பழைய கடன் நோட்டை எடுத்துப் பெயரும் தொகையும் எழுதி எல்லாருக்கும் சாமான் கொடுத்தார். ஒருவரிடமும் ஓடிபி கேட்கவில்லை. அரசாங்கம் அறிவித்த நிவாரணமும், அதிகம் பாதித்த இடங்களுக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களுக்கு 1,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக ரொக்கமாகத்தான் வந்தது. பேரேடும் ரொக்கமும் அப்படி ஒரு நாளுக்காவது இருக்க வேண்டும் இல்லையா? அம்மாவுக்கு எல்லா மாசமும் அப்படி ஒரு நாள்தான்.

எனக்குக் கைரேகை மெஷினைத் தூக்கி எறிய வேண்டும் என்று ஆசை இல்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு நோட்டும், "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட அங்கே இருக்கிறவருக்கு அதிகாரமும் வேண்டும். ரேஷன் கடையில் அந்த விதி இருக்கிறது என்றால், அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். வரிசையில் நிற்கிறவர் அதைக் காட்டிக் கேட்க முடிய வேண்டும். அந்த நல்ல பையனும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சங்கடப்பட வேண்டியிருக்காது.

மெஷினே மெஷினைத் திருத்திய கதையும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. அம்மாவுக்கு பி.எஃப். பென்ஷன் வருகிறது. 2014 செப்டம்பரில் இருந்து குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பீடி சுற்றிய பெரும்பாலான பெண்களுக்கு அதை ஒட்டித்தான் வரும். பெரிய தொகை இல்லை, ஆனால் மாத்திரைக்கு மகளிடம் கை நீட்டாமல் இருக்க அது உதவுகிறது. அதற்கு, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று அதை டிஜிட்டலாக மாற்றியபோது அதுவும் கைரேகை, கருவிழி என்றுதான் இருந்தது. கருவிழிக் கருவி எங்கள் பக்கம் யாரிடமும் கிடையாது. நான் என் கடை ஸ்கேனரில் அம்மாவின் பத்து விரலையும் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாளில் எழுதிக் கொடுப்பேன். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்று கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷம் பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கும் வந்தது. அம்மாவை வீட்டு வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து என் போனைப் பிடித்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்துவிட்டார். சிரித்தாலும் பரவாயில்லை, அது ஏற்றுக்கொண்டது. பச்சை டிக் வந்ததும், "இது நல்ல மிசினு, ஆளைப் பாத்துச் சொல்லுது" என்றார்.

அதற்குப் பிறகு தெருவில் இருக்கிற பீடிக்காரப் பாட்டிகள் எல்லாருக்கும் நான்தான் செய்து கொடுக்கிறேன். இதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

உங்கள் வீட்டிலும் தேய்ந்த கை இருந்தால் இதைச் செய்து வையுங்கள். முதலில் அவருடைய ஆதாரில் இப்போது உயிரோடு இருக்கிற நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. ஆதார் மையத்துக்குப் போகும்போது கைரேகையோடு கருவிழியையும் முகத்தையும் புதிதாகப் பதிந்துவிட்டு வாருங்கள். ரேஷன் கடையில் விரல் விழவில்லை என்றால் ஓடிபியோ கண் ஸ்கேனோ கேளுங்கள், நடக்க முடியாதவர் என்றால் அவருக்காக வாங்க ஒருவரை எழுதிக் கொடுங்கள். பென்ஷனுக்கு ஜீவன் பிரமாண் ஆப், அதோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப், இரண்டையும் உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் முகத்தைக் கேட்கும், பிறகு அவர் முகத்தை. பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆணை எண்), ஆதார், வங்கிக் கணக்கு எண், போன் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெயில் முகத்தில் அடிக்காத இடமாக இருக்கட்டும், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். போன் சரிப்படாது என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். தபால் துறையின் வங்கி மூலம் அவரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். முடித்ததும் போனுக்கு ஒரு பிரமாண் ஐடி வரும். அதை ஒரு தாளில் எழுதி பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்.